அறுபத்தைந்து வரைக்கும்

போன மார்கழியில் ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில், நோணாங்குப்பம் பாலத்தின் மேல் அப்பாவின் வேன் ஒரு சைக்கிள்காரரை உரசிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. வேனின் இடதுபக்கக் கண்ணாடி சைக்கிள் ஹேண்டில்பாரில் பட்டு மடங்கியது. சைக்கிள்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நல்ல வார்த்தை நாலு திட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா வீட்டுக்கு வந்து இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று நாள் கழித்து வேனில் கிளீனராக இருக்கும் பையன்தான் சொன்னான்.

"அக்கா, மாமா அந்த ஆள பாக்கவே இல்லக்கா. தட்டுனதுக்கு அப்புறம் 'இன்னாடா சத்தம்'னு என்னைக் கேக்குறாரு."

அப்பாவுக்கு 67 வயது. 31 வருஷம் பாண்டி–கடலூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை என்று நிறுத்தங்களைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். முள்ளோடையோடு பாண்டி முடிகிறது, சாராய விலையும் அங்கேயே முடிகிறது. அதனால் கடைசி நடையில் கடலூர் திரும்பும் கூட்டத்தை ஏற்றி, அத்தனை பேரையும் முழுசாக இறக்கிவிடுவது ஒரு தனி வித்தை என்பார். அந்த 31 வருஷத்தில் அவர் பேரில் ஒரு கேஸ் கிடையாது. இதை அவர் சொல்லும்போது காலரைத் தூக்கிவிடுவதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

முதலாளி பர்மிட்டை விற்றுவிட்டுப் போனபோது அப்பாவுக்கு 58. பி.எஃப். என்று ஒன்று பிடிக்கவே இல்லை, அதனால் கைக்கு வர வேண்டியதும் ஒன்றுமில்லை. இருந்த நகையை வைத்துப் பழைய வேன் ஒன்று வாங்கினார். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், 14 பேர். சனி ஞாயிறு வந்தால் டவுன் லாட்ஜுகளிலிருந்து சுண்ணாம்பாறு படகுத்துறைக்கு டூரிஸ்டுகள். ஒன்பது வருஷமாக வீடு அந்த வேனில்தான் ஓடுகிறது. என் சம்பளம் வர ஆரம்பித்ததே மூன்று வருஷமாகத்தான்.

14 பேர். பையன் சொன்னதிலிருந்து என் தலைக்குள் அந்த எண்தான் ஓடிக்கொண்டிருந்தது.

யாராவது அப்பாவிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "நான் சொன்னா அந்த மனுஷன் சோறு திங்க மாட்டாரு" என்றாள். தம்பி காலேஜ் மூன்றாம் வருஷம், ஃபீஸ் வேனிலிருந்து போகிறது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். சரி, நான்தான் என்று புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம், சொல்வதைத் தள்ளிப்போட்டது.

தள்ளிப்போட எனக்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்தது. என் பள்ளித் தோழி ஏடிஆர் விமானத்தில் துணை விமானி. அவளுடைய அப்பா வில்லியனூர் பக்கம் இருந்த மனையை விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தார். அந்த வாரம் போனில் பேசும்போது, தான் அடிக்கடி கூடப் பறக்கும் கேப்டனுக்கு 65 முடியப்போகிறது, அடுத்த வாரம் அவருக்குக் கடைசி விமானம் என்றாள்.

"ஏன், உடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்காரு. அறுபது தாண்டினா ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி மெடிக்கல். ஈசிஜி, கண்ணு, காது எல்லாம். அது போக சிமுலேட்டர்ல ஒரு இன்ஜின அணைச்சு உட்டு, புகைய வுட்டு, 'இறக்கு பாக்கலாம்'னு சோதிப்பாங்க. எல்லாத்துலயும் பாஸ். ஆனா அறுபத்தஞ்சு முடிஞ்சா முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவரு பைலட் இல்ல."

சாயங்காலம் வரைக்கும் 70 பேரைச் சுமந்துகொண்டு பறக்கத் தகுதியான மனிதர், மறுநாள் காலையில் தகுதியில்லாதவர். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். "உலகத்து நியாயம்" என்றாள். அன்றிலிருந்து ராத்திரி ராத்திரியாக இதையே தேடித் தேடிப் படித்தேன். அப்பா பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் பேச வேண்டியதைத் தவிர உலகத்திலுள்ள எல்லா ஓய்வு வயதையும் படித்துவிட்டேன்.

இந்த வழக்கம் ஆரம்பித்த கதை கொஞ்சம் அசிங்கமானது. 1959இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 60 வயதுக்கு மேல் யாரும் பயணிகள் விமானம் ஓட்டக் கூடாது என்று விதி போட்டது. மறு வருஷம் அது நடைமுறைக்கு வந்தது. ஏன் 60, ஏன் 59 இல்லை, 63 இல்லை? அதற்கு மருத்துவக் காரணம் என்று உறுதியாக ஒன்றைக் காட்ட முடியவில்லை. விதிக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித், நிர்வாகத்தின் தலைவராக இருந்த கெசாடாவுக்கு எழுதியது. போயிங் 707 ஜெட் விமானங்கள் அப்போதுதான் வந்திருந்தன. வயதான விமானிகளை அதற்குப் பழக்குவது கம்பெனிக்குச் செலவு. வயதைச் சொல்லி அவர்களை அனுப்பப் பார்த்தால் அவர்கள் நடுவரிடம் போய் ஜெயித்துவிட்டு வருகிறார்கள். அரசாங்கமே ஒரு விதி போட்டுவிட்டால் தேவலை. போட்டார்கள். கெசாடா பதவியிலிருந்து இறங்கிய பிறகு எந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் போய் உட்கார்ந்தார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விமானிகளின் சங்கம் இந்த விதியை 20 வருஷம் எதிர்த்தது. 1980இல் கட்சி மாறி, 60 என்பதே சரி என்றது. 2007இல் வரம்பு 65 ஆகப் போகிறது என்று தெரிந்ததும் மறுபடி மாறியது. இப்போது 67 ஆக்கலாம் என்ற பேச்சுக்கு எதிர்ப்பு. பாதுகாப்பு என்ற ஒரே சொல்லைத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். மாறியதெல்லாம் சங்கத்துக்குள் யார் அதிகம், வயதானவர்களா இளையவர்களா என்பதுதானோ என்று எனக்குத் தோன்றியது. விமானத் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டி. மேலே ஒருவர் எழுந்து போனால்தான் கீழே இருப்பவருக்குக் கேப்டன் இருக்கை. 2007 டிசம்பரில் 60 என்பது 65 ஆனபோது அங்கே எழுந்து போக வேண்டியவர்கள் போகவில்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் ஐந்து வருஷம் அதே இடத்தில் நின்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கிளீனர் பையன் ஞாபகம் வந்தான். 24 வயது. பேட்ஜ் எடுத்து வைத்துக்கொண்டு நாலு வருஷமாக இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகளை இறக்கிவிடுகிறான், ரிவர்ஸ் பார்க்கிறான், கண்ணாடி துடைக்கிறான். வண்டியைக் கழுவுவதற்காக ஆற்றங்கரை வரை ஓட்டிப்போகும் அந்த அரைக் கிலோமீட்டர்தான் அவனுக்கு ஸ்டியரிங். சைக்கிள்காரர் விஷயத்தை அவன் ஏன் என்னிடம் வந்து சொன்னான்? அவன் சொன்னது உண்மை. அவனுக்கு ஸ்டியரிங் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. சி.ஆர். ஸ்மித்தின் கடிதத்திலும் ஒருவேளை பாதி உண்மை இருந்திருக்கலாம்.

நம் பக்கத்திலும் இதே கணக்குகள்தான். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயதை 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. கொரோனா காலத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் ஒத்திப்போடுகிறார்கள் என்றுதான் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த என் கடலூர் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். பாண்டியில் முன்பே 60. கேரளாவில் 56. மனித உடம்பு வாளையாறு தாண்டினால் நாலு வருஷம் முன்னதாக மூத்துவிடுமா என்ன?

பெண்களுக்கு இன்னும் மோசம். ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்ணுக்கு ஒரு காலத்தில் ஓய்வு வயது 35. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் பிரசவத்தோடும் போகும். மேலதிகாரி மனசு வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் அதே டீயை ஊற்றிய ஆண்களுக்கு 58. நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1981இல் தீர்ப்பு வந்தது. பிரசவ விதி போனது, மேலதிகாரியின் மனசும் போனது. கல்யாண விதியை மட்டும் நீதிமன்றம் தவறில்லை என்று விட்டுவிட்டது. தோழியிடம் இதைச் சொன்னேன். "ஏய், எங்கம்மா பொறந்த நாட்ல இருந்துச்சா இது?" என்றாள். அவள் அம்மா அப்போது ஏழாம் வகுப்பு.

இவ்வளவும் படித்ததில், ஓய்வு வயது என்ற எண்ணையே நான் வெறுத்திருக்க வேண்டும். வெறுக்கத்தான் ஆரம்பித்தேன். 1989 பிப்ரவரியில் ஹோனலூலுவிலிருந்து கிளம்பிய ஒரு 747இன் சரக்குக் கதவு நடு வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. ஒன்பது பயணிகள் இருக்கையோடு வெளியே போய்விட்டார்கள். மிச்சமிருந்த அத்தனை பேரையும் இருட்டில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய கேப்டன் டேவிட் குரோனினுக்கு வயது 59. விதிப்படி வீட்டுக்குப் போகும் நாளை நெருங்கிக்கொண்டிருந்தவர். 2009இல் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய சல்லன்பர்கருக்கு 58ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அப்பாவும் இந்த ரகம்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் இந்தக் கதைகளில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 60ஐ நெருங்கும்போது சாதித்தவர்களைத்தான் நாம் பேசுகிறோம். தடுமாறியவர்களை யாரும் பேசுவதில்லை, அவர்கள் பாலத்தில் சைக்கிள்காரரை உரசிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

எண் வேண்டாம், ஆளைப் பார்த்துச் சோதித்து முடிவு செய்யலாமே என்பவர்கள் உண்டு. நானும் அதைத்தான் நினைத்தேன். சோதித்தும் பார்த்தேன்.

பஸ், வேன் ஓட்டுகிறவர்களுக்கு நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் உச்ச வயது வரம்பே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 1-ஏ என்று ஒரு மருத்துவச் சான்றிதழ். டாக்டர் பார்வை, காது, கை கால் எல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'இயல்பு'.

"என்னாப்பா கேட்டாரு டாக்டரு?"

"கண்ணு தெரியுதாண்ணே'ன்னாரு. தெரியுது'ன்னேன்."

"அவ்ளோதானா?"

"இருநூறு ரூபா வாங்கினாரு."

தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து நிமிஷம். 31 வருஷமாக அதன் ஊர் வழியாகப் போய் வந்தவர், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. "சும்மா செக்கப்" என்று இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் அதிகம். எதிர் வண்டியின் லைட் அடித்தால் அது கண்ணுக்குள் பஞ்சு மாதிரி விரிந்திருக்கும், அந்த நேரத்தில் ஓரமாகப் போகும் ஆள் தெரிய மாட்டார் என்று அங்கே விளக்கினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். பிரச்சினை வயது இல்லை, புரை! ஆபரேஷன் நடந்தது. முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. அந்த நாட்களில் பையன்தான் வேன் ஓட்டினான். பிறகு சோதித்தார்கள். பார்வை நன்றாக வந்துவிட்டது. அப்பா பழையபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். டாக்டர் கடமையைச் செய்துவிட்டார், கண்ணும் பாஸ். நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போகும் டூரிஸ்டுகளோடு நானும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

அப்பா வண்டி ஓட்டும்போது வாயை மூட மாட்டார். இது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து கடலூர் வரை போயிருக்கிறேன். எதிரே வரும் டிரைவரின் ஜாதகத்திலிருந்து அரிக்கமேட்டில் வெள்ளைக்காரன் தோண்டி எடுத்த பானை வரை பேசுவார். சிவாஜி மாதிரிப் பேசிக் காட்டுவார். கை தானாக ஓட்டும், வாய் தானாகப் பேசும். அன்று டவுனிலிருந்து நோணாங்குப்பம் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முருங்கப்பாக்கத்தில் பைக்கில் ஒருவன் குறுக்கே வந்தான். அப்பா பிரேக் அடித்தார், சரியாகத்தான் அடித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு கை தானாகச் செய்த வேலையை இப்போது அவர் முழு மனசையும் கொடுத்துச் செய்கிறார். பேச மிச்சம் எதுவும் இல்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? எந்த மெஷின் காட்டும்? விமான மருத்துவத்திலும் பெரிய தலைவலி இதுதான். மாரடைப்பு வருமா என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். கவனம் எப்போது தேய ஆரம்பிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது, தேய்கிறவருக்கே தெரியாமலும் தேய்கிறது. அனுபவம் அதைப் பல வருஷம் மூடி மறைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் 2006இல் உலக வரம்பை 65 ஆக்கியபோது, ஒரு விமானி 60ஐத் தாண்டியிருந்தால் கூட இருப்பவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சேர்த்துப் போட்டார்கள். 2014இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எப்படியானாலும் அங்கே பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார், அவர் முன்னாலும் ஒரு ஸ்டியரிங் இருக்கிறது. எங்கள் பையன் முன்னால் இருப்பது டேஷ்போர்டும் பிள்ளையார் பொம்மையும்தான்.

தோழியின் கேப்டன் கடைசி விமானத்தை இறக்கிவிட்டார். இறங்கும் முன் பயணிகளிடம் அவள்தான் மைக்கில் அறிவித்தாளாம், எல்லாரும் கை தட்டினார்களாம். ஹோட்டலுக்குப் போகும் வண்டியில் அவள் அவரிடம் கேட்டிருக்கிறாள், கோபமாக இல்லையா சார் என்று. அதற்கு அவர் சொன்னாராம்:

"போன வருஷம் எல்லாம் கோவமாத்தான் இருந்தேன்மா. இப்ப இல்ல. என்னை அனுப்புறது காலண்டர். நீயோ, டாக்டரோ, சிமுலேட்டர் வாத்தியாரோ வந்து 'சார், உங்களுக்கு முன்ன மாதிரி வரலை'ன்னு சொல்லியிருந்தா, அப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?"

போனில் இதைக் கேட்டுவிட்டு நான் ரொம்ப நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் காலண்டர் இருக்கிறது. என் அப்பாவுக்கு நான்தான் இருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பாண்டியில் சொல்தா என்போம். சின்ன வயதில் கப்பலேறிப் போய், 15 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, 40 ஆவதற்குள் பிரெஞ்சுப் பென்ஷனோடு திரும்பியவர். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு சாய்வு நாற்காலி, செய்தித்தாள், சாயங்காலம் ஒரு கிளாஸ். அப்பாவும் அவரும் நல்ல சிநேகம். "உனக்கு எப்போ ரிட்டயர்டு?" என்று அவர் அப்பாவைக் கேட்பார். "வண்டிக்கு ரிட்டயர்டு ஆனா எனக்கும்" என்பார் அப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். 2023இல் பிரான்சில் ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கியதற்கு லட்சக்கணக்கான பேர் தெருவில் இறங்கியபோது அந்தத் தாத்தா உயிரோடு இல்லை. அந்தப் படங்களைப் பார்த்த அப்பா, "வேலைய விட்டுப் போறதுக்கா இவ்ளோ சண்டை?" என்று ஆச்சரியப்பட்டார். பென்ஷன் உள்ளவனுக்கு ஓய்வு வயது ஒரு உரிமை. இல்லாதவனுக்கு அது பட்டினி தொடங்கும் தேதி. விமானிகள் 67 கேட்பதையும் பிரெஞ்சுக்காரர்கள் 62 கேட்பதையும் அப்பா ஒரே மாதிரி வேடிக்கை பார்த்தார், இரண்டும் அவருக்குச் சம்பந்தமில்லாத பணக்காரத் தகராறு.

அந்த 67 கோரிக்கையும் கடந்த வருஷம் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2024இல் பேசிப் பார்த்துவிட்டு 65லேயே விட்டுவிட்டார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் மான்ட்ரியலில் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் கூட்டம் நடந்தபோது, விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா 67 கேட்டது. கிடைக்கவில்லை. இங்கே ஏர் இந்தியா அந்த ஆகஸ்டில்தான் தன் விமானிகளின் ஓய்வு வயதை 58லிருந்து 65க்கு உயர்த்தியிருந்தது. ஆயிரத்துக்கு மேல் விமானம் ஆர்டர் கொடுத்திருக்கும் நாடு, ஓட்ட ஆள் வேண்டுமே. "கேப்டனுக்குத்தான் பஞ்சம்" என்பாள் தோழி. "லைசன்ஸ் வாங்கிட்டு, கடனையும் வாங்கிட்டு, வீட்ல சும்மா உக்காந்திருக்குற பசங்க எவ்ளோ பேரு தெரியுமா? அனுபவம் இல்லாம எடுக்க மாட்டான். எடுக்காம அனுபவம் எங்கேருந்து வரும்?"

கிளீனர் பையனின் நாலு வருஷம்.

தை பிறந்து, மாசி வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அப்பா வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். நான் வாளியில் தண்ணீர் மாற்றிக் கொண்டுவந்து வைத்தேன். கணக்கு எல்லாம் மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். தம்பி ஃபீஸ் நான் கட்டுவது. வேன் நம்முடையதாகவே இருக்கட்டும், பையனுக்குச் சம்பளம், மிச்சம் வீட்டுக்கு. மாசம் எவ்வளவு குறையும், அதில் எதை நிறுத்தலாம். அதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருந்தது. அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"அப்பா, பைலட்டுக்கெல்லாம் அறுபத்தஞ்சுதானாம்பா. அதுக்கு மேல ஓட்ட வுட மாட்டாங்களாம்."

"எங்க, நம்ப நாட்லயா?"

"உலகம் பூரா."

ஜப்பானில் உள்நாட்டில் 67 வரை விடுகிறார்கள் என்பதையும், ஆஸ்திரேலியாவில் உள்ளூர் விமானங்களுக்கு வரம்பே இல்லை என்பதையும் நான் மறைத்துவிட்டேன்.

"எவ்ளோ நல்லா ஓட்டினாலுமா?"

"எவ்ளோ நல்லா ஓட்டினாலும். போன மாசம் ஒருத்தரு, கல்லு மாதிரி இருக்குறவரு, எல்லா டெஸ்ட்லயும் பாஸு. அவரையே அனுப்பிட்டாங்க."

அப்பா துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே இன்னொரு முறை பிழிந்தார். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு அழுக்கைத் துடைத்தபடி சிரித்தார்.

"அப்போ நான் ரெண்டு வருஷமா திருட்டுத்தனமாதான் ஓட்டிக்கினு இருந்திருக்கேன்னு சொல்லு."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருமே பேசவில்லை. கடலூர் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எந்த பஸ் என்று ஹாரனை வைத்தே சொல்கிறவர், அன்று சொல்லவில்லை.

"பாப்பா."

"என்னாப்பா."

"அந்த சைக்கிள்காரன் விஷயத்த பையன் உங்கிட்ட சொல்லிட்டானா?"

நான் தலையாட்டினேன்.

"ம்" என்றார். வாளித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார். "நல்லாதான் ஓட்டுவான். பிரேக்குதான் மிதிச்சு அடிப்பான். புள்ளைங்க முன்னாடி வந்து முட்டிக்கும். சொல்லித் தரணும்."

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பையன் வந்தான். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். சாவியைக் கையில் கொடுக்கவில்லை, வண்டியிலேயே மாட்டி வைத்திருந்தார். அவன் வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறக்கப் போனான். அங்கே அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாசம் ஆகிறது. அப்பா இன்னும் தினமும் இடது பக்கத்தில் போகிறார், பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கிவிடுகிறார். தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. நேற்று டீசல் கணக்குக் கொடுக்க வந்த பையன் வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா, கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"மாமா வழியெல்லாம் பேசிக்கினே வராருக்கா. அரியாங்குப்பத்துல ஆரம்பிச்சா நிறுத்த மாட்றாரு. சிவாஜி மாதிரி வேற பேசுறாரு. காது வலிக்குதுக்கா."